கூட்டம் போட ஊட்டி எதற்கு?

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வருகிறது. எங்கே நடத்துவது?

இந்தக் கேள்வி எழுந்ததும் நிர்வாகக் குழுவில் ஒருவர், "ஊட்டி!" என்பார். இன்னொருவர், "கொடைக்கானல்!" என்பார். மூன்றாமவர், "இரண்டையும் பார்த்தாகிவிட்டது. ஏற்காட்டுக்குப் போகலாமே!" என்பார்.

"திருச்சியில் நடத்தலாம்" என்று யாராவது சொன்னால் போதும். எல்லோரும் சிரித்து விடுவார்கள்.

"திருச்சியில் என்ன இருக்கிறது? வெயில்தான் இருக்கிறது!"

சங்கத்தார் மட்டும் அல்ல. ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் 25 ஆண்டு கழித்து ஒன்று கூடுகிறார்கள். கம்பெனிகள் தங்கள் ஏஜெண்டுகளை அழைத்து மகாநாடு நடத்துகின்றன. அண்ணன் வீடு, தம்பி வீடு, அக்காள் வீடு, தங்கை வீடு என்று குடும்பம் முழுவதும் ஆண்டுக்கு ஒரு முறை கூடுகிறது. எல்லோருக்கும் மலை வேண்டும். அழைப்பிதழில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: "இயற்கையின் மடியில்."

இயற்கையின் மடியில் எத்தனை பேர்தான் உட்காருவது?

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பச்சையாக இருக்கும் இடம் வேறு. பச்சைக்குக் கெடுதல் செய்யாத இடம் வேறு. முன்னது மலையில் இருக்கிறது. பின்னது, பெரும்பாலும் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது!

மூன்று டன் புகை

வெளியூர்க்காரர்கள் வந்து கூடும் கூட்டங்களில், இயற்கைக்கு ஏற்படும் கெடுதலில் பெரும் பங்கு மண்டபத்துக்குள் நடப்பது அல்ல. மண்டபத்துக்கு வந்து சேரும் வழியில் நடப்பது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு சங்கத்தின் சென்னைக் கிளையில் இருந்து 80 பேர் கொடைக்கானல் கூட்டத்துக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காருக்கு 4 பேர். மொத்தம் 20 கார். போக 520 கிலோ மீட்டர். வர 520. லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் ஓடினாலும், ஒரு காருக்கு 70 லிட்டர் பெட்ரோல் வேண்டும். 20 காருக்கு 1,400 லிட்டர்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது.

"அது எப்படி? ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு கிலோ எடைகூட இல்லையே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெட்ரோல் எரியும்போது அதில் உள்ள கரி, காற்றில் உள்ள பிராண வாயுவோடு சேருகிறது. காற்றில் இருந்து எடுத்துக்கொண்ட எடையும் சேர்ந்துதான் 2.3 கிலோ ஆகிறது. கண்ணுக்குத் தெரியாத வாயு. அதனால் யாரும் கவலைப்படுவது இல்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவது அதுதான்.

1,400 லிட்டருக்கு எவ்வளவு? சுமார் 3,200 கிலோ. மூன்று டன்னுக்கு மேல்! இது ஒரே ஒரு கிளை, ஒரே ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த கணக்கு.

அதே 80 பேர் இரண்டு பஸ்களில் போனால்? பஸ் லிட்டருக்கு 4 கிலோ மீட்டர்தான் ஓடும். டீசலில் வாயுவும் சற்று அதிகம், லிட்டருக்கு 2.7 கிலோ. அப்படியும் மொத்தம் 1,400 கிலோதான். பாதிக்கும் குறைந்து விட்டது.

அதே இரண்டு பஸ், கொடைக்கானலுக்குப் பதில் திருச்சிக்குப் போனால்? சுமார் 900 கிலோ. ரெயிலில் போனால் இன்னும் குறைவு.

மண்டபத்தில் விளக்கை அணைத்து, மின்விசிறியை நிறுத்தி மிச்சப்படுத்துவது எல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

கோர்ட்டு எண்ணியது எதை?

மலைக்கு வரும் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வி சென்னை ஐகோர்ட்டு வரைக்கும் போனது. சீசன் நாட்களில் தினமும் சுமார் 20 ஆயிரம் வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்ற விவரம் கோர்ட்டில் சொல்லப்பட்டது. நீதிபதிகள் திகைத்தார்கள். 2024-ம் ஆண்டு மே 7-ந் தேதி முதல், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

2025-ம் ஆண்டு கோடையில் உத்தரவு இன்னும் கடுமையானது. நீலகிரிக்கு வார நாட்களில் 6 ஆயிரம் வாகனங்கள். சனி, ஞாயிறுகளில் 8 ஆயிரம். கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4 ஆயிரம். சனி, ஞாயிறுகளில் 6 ஆயிரம். அதற்கு மேல் கிடையாது!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கும், ரெயிலில் போகிறவர்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதாவது, கோர்ட்டு மனிதர்களை எண்ணவில்லை. வண்டிகளை எண்ணியது. மலைக்குப் பாரம் எது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

குழாயில் வரும் தண்ணீர் யாருடையது?

மேலே போய்ச் சேர்ந்தாகி விட்டது. அப்புறம்?

ஓட்டலில் தங்கும் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 180 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. 80 பேருக்கு 14,400 லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் பெரிய தண்ணீர் லாரி ஒன்றில் இது அடங்காது.

ஊட்டிக்குக் குடிநீர் தரும் முக்கியமான அணை பார்சன்ஸ்வேலி. சீசன் என்றால் கோடை. கோடை என்றால் அணையில் தண்ணீர் இறங்கும் காலம். அந்த நேரத்தில்தான் ஆட்கள் ஏறுகிறார்கள். ஓட்டலில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்கும் விருந்தாளிக்கு, அந்த மலைச் சரிவிலேயே குடத்தோடு காத்திருக்கும் பெண்ணைத் தெரியாது. அவள் வீட்டுக் குழாய்க்கும் அதே தண்ணீர்தான் வர வேண்டும்.

குப்பையையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு முழுவதும் ஒரு முறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி தடை வந்தது. நீலகிரியில் அதே ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி முதல் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் தடை. சட்டம் இருக்கிறது. ஆனாலும் கூட்டம் முடிந்த மறுநாள் காலை, மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் சங்கதி தெரிந்து விடும்.

மலையோரத்துக் குப்பை எங்கே போய்ச் சேருகிறது? 2025-ம் ஆண்டு மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை நோயுற்று விழுந்தது. டாக்டர்கள் போராடினார்கள். பயன் இல்லை. பரிசோதனை செய்து பார்த்தபோது வயிற்றுக்குள் பிளாஸ்டிக் குப்பை! அதைவிடக் கொடுமை, அந்த யானை சினையாக இருந்தது.

சோற்று வாசனை ஒட்டிய பிளாஸ்டிக் காகிதத்துக்கும் புல்லுக்கும் யானைக்கு வித்தியாசம் தெரியாது. வீசியவனுக்குத் தெரியும்.

மலைக்காரர்களின் பேச்சு

"எல்லோரும் திருச்சிக்கே போய்விட்டால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும்?" என்று ஊட்டிக்காரர்கள் கேட்பார்கள். கேட்க உரிமை உண்டு. டாக்சி ஓட்டுகிறவர், அறை சுத்தம் செய்கிறவர், வர்க்கி விற்கிறவர், சால்வை விற்கிறவர், எல்லோருக்கும் வயிறு இருக்கிறது. 2025-ம் ஆண்டு ஏப்ரலில் நீலகிரி வியாபாரிகள் இ-பாசை எதிர்த்துக் கடை அடைப்பே நடத்தினார்கள்.

ஆனால் குடும்பத்தோடு ஊட்டி பார்க்கப் போகிறவர்களை யாரும் தடுக்கவில்லை. போகட்டும். மேட்டுப்பாளையத்தில் மலை ரெயில் ஏறட்டும். 46 கிலோ மீட்டர் பாதை. 1899-ம் ஆண்டு குன்னூர் வரை வந்தது. 1908-ம் ஆண்டு ஊட்டியைத் தொட்டது. 2005-ம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயரும் பெற்றது. அதில் ஏறி, மெதுவாகப் போய், மூன்று நாள் தங்கி, பூந்தோட்டம் பார்த்து, கடைத்தெருவில் பேரம் பேசி வாங்கி வந்தால் ஊட்டிக்கும் லாபம், வந்தவருக்கும் லாபம்.

கூட்டம் அப்படியா? காலையில் காரில் ஏறிப் போவார்கள். ஜன்னல் திரையை இழுத்து மூடி, எட்டு மணி நேரம் உட்கார்ந்து வரவு செலவு வாசிப்பார்கள். சாப்பாடும் அங்கேயே. மறுநாள் காலையில் இறங்கி விடுவார்கள். மலையையும் பார்ப்பது இல்லை. மலைக்காரரின் கடையையும் பார்ப்பது இல்லை. வரவு செலவு வாசிக்க 7,000 அடி உயரம் எதற்கு?

மலையில் கூட்டமே கூடாது என்பது அல்ல. தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான 'உபாசி' 1893-ம் ஆண்டு தொடங்கியது. அதன் தலைமை அலுவலகமே குன்னூரில்தான் இருக்கிறது. தேயிலைக்காரர்கள் தேயிலை விளையும் ஊரில் கூடுகிறார்கள். அது சரி. தேயிலைத் தொழிலாளிகள் சம்பள உயர்வு பற்றிப் பேசக் கோத்தகிரியில் கூடினால், அதுவும் சரி. அவர்களை மெனக்கெட்டுத் திருச்சிக்கு வரவழைப்பதுதான் தவறு. யார் கூடுகிறார்களோ அவர்களுக்குப் பக்கத்தில் கூடுவது என்பதுதான் விஷயம்.

மூங்கில் பந்தலில் மகாநாடு

நம் நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு.

1936-ம் ஆண்டு டிசம்பர் மாதம். காங்கிரஸ் மகாநாடு. தலைவர் நேரு. அதுவரை பெரிய நகரங்களிலேயே நடந்துவந்த மகாநாடு, அந்த முறை முதல் தடவையாக ஒரு கிராமத்தில் கூடியது. இன்றைய மராட்டிய மாநிலத்தில் உள்ள பைஸ்பூர் என்ற ஊர் அது. கிராமத்தில் நடத்த வேண்டும் என்று விரும்பியவர் காந்தியடிகள். சாந்திநிகேதனத்தில் இருந்து ஓவியர் நந்தலால் போஸ் அழைக்கப்பட்டார். அந்த வட்டாரத்தில் கிடைக்கும் மூங்கிலையும், உள்ளூர்ப் பொருட்களையும் கொண்டு, உள்ளூர்த் தொழிலாளிகளை வைத்தே மகாநாட்டுப் பந்தலும் வாயில்களும் அமைத்துக் கொடுத்தார். விவசாயிகளின் பிரச்சினை பேச விவசாயிகளின் ஊருக்கே போனார்கள். சலவைக்கல் மண்டபம் தேடவில்லை.

சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்தில் ஒரு பெரிய ஆலமரம். அன்னிபெசன்ட் அம்மையார் அதன் நிழலில் பேசியிருக்கிறார். ஜே.கிருஷ்ணமூர்த்தி பேசியிருக்கிறார். ஆயிரக்கணக்கானவர்கள் விழுதுகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். 1989-ம் ஆண்டு புயல் காற்றில் தாய் மரம் சாய்ந்தது. விழுதுகள் நின்று விட்டன. மின்விசிறி இல்லாத அந்த மண்டபத்துக்கு வாடகை எவ்வளவு இருந்திருக்கும்?

ஊர்ப் பஞ்சாயத்து கூடியது எங்கே? வேப்ப மரத்தடியில்தானே!

அது அந்தக் காலம். இந்தக் காலத்தில், உலகம் சூடாவதைத் தடுக்க வேண்டும் என்று பேசுகிறவர்களே சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். ஐ.நா.வின் பருவநிலை மகாநாடு 2023-ம் ஆண்டு துபாயில் நடந்தது. பெயர் கொடுத்தவர்கள் 80 ஆயிரம் பேருக்கு மேல்! விமானங்கள் வந்து இறங்கியபடி இருந்தன. 2025-ம் ஆண்டு நவம்பரில் பிரேசில் நாட்டில், அமேசான் காட்டை ஒட்டிய பெலெம் நகரத்தில் கூடினார்கள். காட்டைக் காப்பாற்றுவது பற்றிக் காட்டின் வாசலிலேயே பேசட்டும் என்பது எண்ணம். ஊரில் ஓட்டல் அறை போதவில்லை. இரண்டு உல்லாசக் கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, அவற்றில் தங்க வைத்தார்கள். காட்டைக் காக்க வந்தவர்களுக்குக் கப்பலில் மெத்தை!

ஆனாலும் பெலெம் மகாநாட்டில் ஒரு நன்மை இருந்தது. காட்டில் வாழும் ஆதிவாசிகள் தங்கள் வாயாலேயே பேச முடிந்தது. மகாநாடு ஐரோப்பாவில் நடந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் போயிருக்க முடியும்? இங்கேயும் அதே விஷயம்தான் முக்கியமாகிறது. யாருக்கு எது பக்கம் என்பது.

மண்டபம் பார்க்கும்போது

திருச்சிக்கே திரும்பலாம். திருச்சி ஜங்ஷனில் ஐந்து திசைகளில் இருந்து ரெயில் வருகிறது. விழுப்புரம், தஞ்சாவூர், காரைக்குடி, திண்டுக்கல், கரூர் என்று ஐந்து பாதைகள். சென்னைக்காரருக்கும் மதுரைக்காரருக்கும் ஈரோட்டுக்காரருக்கும் நடுவான ஊர். உறுப்பினர்கள் எல்லாம் கொங்கு நாட்டில் இருந்தால் ஈரோடு. தெற்கே இருந்தால் மதுரை. எந்த ஊர் என்று பெயரை முதலில் சொல்லக் கூடாது. யார் யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு ஊரைச் சொல்ல வேண்டும்.

ஊர் முடிவான பிறகும் ஏமாற இடம் உண்டு. நெடுஞ்சாலையில் ஊருக்கு வெளியே 20 கிலோ மீட்டர் தள்ளி ஒரு மண்டபம். கூரை முழுவதும் சூரிய மின்தகடு. மழைநீர்த் தொட்டி இருக்கிறது. பசுமைக் கட்டிடம் என்று சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அங்கே போக பஸ் இல்லை! வருகிற ஒவ்வொருவரும் காரிலும் ஆட்டோவிலும் வர வேண்டும். கூரை மிச்சப்படுத்தியதைச் சாலை விழுங்கி விடும். ஜங்ஷனில் இறங்கி நடந்து போகிற தூரத்தில், சான்றிதழ் இல்லாத பழைய மண்டபம் இருந்தால், அதுவே மேல்.

மண்டபத்துக்கு ஜன்னல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிரிப்பதற்கு இல்லை. இப்போது கட்டும் மண்டபங்கள் பலவற்றில் ஜன்னலே இல்லை. ஏ.சி. நின்றால் உள்ளே உட்கார முடியாது. மின்சாரம் போனால் டீசல் எந்திரம் உறுமும். ஜன்னல் உள்ள மண்டபத்தைத் தை மாதத்திலோ, மாசி முற்பகுதியிலோ எடுத்தால் திருச்சியிலும் மின்விசிறி போதும். "வெயில்தான் இருக்கிறது" என்பவர்கள் மே மாதத்தை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியது இல்லை. வாழை இலையும், எவர்சில்வர் டம்ளரும் நம் வீட்டுப் பழக்கம். இடையில் எங்கிருந்தோ வந்தவைதான் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய தட்டும், அரை லிட்டர் பாட்டிலும். பாதி குடித்துவிட்டு வைக்கும் அந்தப் பாட்டில் இருக்கிறதே, அதுதான் மகா அநியாயம். தண்ணீரும் வீண், பாட்டிலும் வீண். வருகிறவர்களின் எண்ணிக்கையைச் சரியாகக் கேட்டுச் சமையல்காரரிடம் சொன்னால் சோறும் குப்பைக்குப் போகாது. "எதற்கும் ஐம்பது பேருக்குச் சேர்த்தே போடுங்கள்" என்று சொல்லும் பெரிய மனிதர் ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருக்கிறார். அவரைச் சமாளிப்பது செயலாளரின் சாமர்த்தியம்.

ஒலிபெருக்கியையும் மறந்துவிடக் கூடாது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பக்கத்தில் உள்ள கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்தார் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பது இல்லை. கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளும் என்பதுதான் காரணம். குழந்தைகள்கூட அடம் பிடிப்பது இல்லை! பறவைக்காக ஒரு கிராமமே பண்டிகையை அடக்கிக் கொள்ளும்போது, ஏரிக்கரைச் சொகுசு விடுதியில் நள்ளிரவு வரை பாட்டுப் போட்டுக் கூத்தடிப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

முதல் வேலை

நிர்வாகக் குழு மட்டும் கூடுவது என்றால் ஊரும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம். 2020-ம் ஆண்டு கொரோனா காலத்தில் செல்போனிலேயே முகம் பார்த்துப் பேசி எத்தனையோ குழுக்கள் வேலையை முடித்தன. பத்துப் பேர் பேச அது போதும். ஆண்டுக்கு ஒரு முறை எல்லோரும் நேரில் பார்த்து, தோளில் கை போட்டுப் பேசுவதற்குத்தான் பயணம்.

அந்தப் பயணம் ரெயிலில் நடக்க வேண்டும் என்றால் செயலாளர் ஒரு தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ரெயிலில் முன்பதிவு முன்பு 120 நாட்களுக்கு முன்னதாகத் தொடங்கியது. 2024-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி முதல் அது 60 நாளாகக் குறைந்து விட்டது. சனி, ஞாயிறு டிக்கெட் என்றால் தொடங்கிய சில நாட்களிலேயே தீர்ந்து போகும். அழைப்பிதழ் 20 நாளுக்கு முன்னால் வந்தால், உறுப்பினர் என்ன செய்வார்? காரை எடுப்பார். ஆகவே கூட்டத் தேதிக்கு 70 நாளுக்கு முன்பே தபால் போக வேண்டும். அதில் மண்டபத்தின் படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எந்த ரெயில், எத்தனை மணிக்கு வந்து சேரும், நிலையத்தில் இருந்து எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்ற மூன்று விவரமும் இருக்க வேண்டும்.